ஹேசல்நட்டா, சப்போட்டாவா: கொல்லையில் எதை வைப்பது?

எங்கள் கொல்லையில் இருந்த பழைய முருங்கை போன ஐப்பசிக் காற்றில் வேரோடு சாய்ந்தது. அந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததுமே, பத்தாவது படிக்கும் மகள் "ஹேசல்நட் வைக்கலாம்ப்பா" என்றாள். ஹேசல்நட் என்ற கொட்டை சேர்த்துச் செய்யும் நியூட்டெல்லாவை ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற பிள்ளை, ஆசைப்பட்டதில் தப்பில்லை. செல்போனில் ஒரு விளம்பரத்தையும் காட்டினாள். எல்லா மண்ணிலும் வளரும், இரண்டே வருடத்தில் காய்க்கும் என்று போட்டு, இலை பளபளக்கும் ஹேசல்நட் கன்றின் படம்.

அதே வாரம் அக்காவிடமிருந்து நேர் எதிரான கேள்வி. அக்கா இருப்பது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஹில்ஸ்பரோ ஊரில். "தம்பி, இங்கே வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கு. ஆச்சி வீட்டில் இருந்ததே, அந்த மாதிரி ஒரு சப்போட்டா வச்சா வருமா?"

இரண்டு பேருக்கும் சேர்த்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் வெயிலில் இருக்கும் எங்களுக்குச் சப்போட்டா, ஓரிகனில் இருக்கும் அக்காவுக்கு ஹேசல்நட். ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் இருக்கும் ஊருக்கு எது என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

குளிர்தான் முதல் கேள்வி

ஹேசல்நட் இலையுதிர்க்கும் செடி. குளிர்காலத்தில் மொட்டுகள் உறங்கும். போதுமான அளவு குளிர் பட்டால்தான் அந்த உறக்கம் கலையும். வெப்பநிலை 0 முதல் 7 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும் நேரத்தை மணிக்கணக்கில் கூட்டிக்கொண்டே வந்து இதை அளக்கிறார்கள். குளிர் மணி என்று வைத்துக்கொள்வோம். ரகத்துக்கு ரகம் மாறினாலும், ஹேசல்நட்டுக்கு ஏறக்குறைய 800 முதல் 1,200 குளிர் மணி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மார்கழி விடியலில் நாம் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோமே, அப்போதுகூட திண்டுக்கல்லில் 15 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். வருடம் முழுக்கக் கூட்டினாலும் ஒரு குளிர் மணி தேறாது.

இதில் ஆளை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. சமவெளியில் வைத்த கன்று உடனே சாகாது. முதல் வருடம் கொண்டுவந்த தெம்பில் துளிர்க்கும். அடுத்த வருடம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இலை வரும், சித்திரை வெயிலில் ஓரம் கருகும், பூ மட்டும் வராது. தண்ணீர் போதவில்லையோ, உரம் போதவில்லையோ என்று நாம் நம்மையே நொந்துகொண்டிருப்போம்.

ஊட்டியில் உறைபனி விழுகிறதே என்று கேட்கலாம். விழுகிறது. டிசம்பர், ஜனவரி விடியலில் புல்தரை வெள்ளையாகக் கிடக்கும். ஆனால் வெயில் ஏறிவிட்டால் பகலில் 20 டிகிரியைத் தொட்டுவிடும். இரவில் சேர்ந்த குளிரைப் பகல் சூடு கழித்துவிடும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பேரி, பிளம், பீச் வருகின்றன என்றால், குறைந்த குளிரே போதும் என்கிற ரகங்களைப் பார்த்து வைத்ததால்தான். மலையில் இடம் இருப்பவர்களுக்கு என் யோசனை, அந்தப் பேரியையும் பிளம்மையும் வையுங்கள் என்பதே.

இந்தியாவில் ஹேசல்நட்டின் உறவுக்காரச் செடி தானாக வளரும் இடம் இமயமலை. இமாச்சலப் பிரதேசம் சம்பா மாவட்டத்தில் பாங்கி என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே காட்டு மரங்களிலிருந்து கொட்டைகளைச் சேகரித்து, தாங்கி என்ற பெயரில் விற்கிறார்கள். பனி மூடி, குளிர்காலத்தில் சாலை அடைபட்டுப் போகிற இடம் அது. அந்தக் குளிரையும் நம் ஊர்ப் பங்குனியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விளம்பரத்தில் சொன்ன "எல்லா மண்ணிலும்" என்பதற்கு என்ன மதிப்பு என்று தெரியும். மண்ணைப் பற்றிச் சொன்னவர்கள் காற்றைப் பற்றிச் சொல்லவில்லை.

சப்போட்டாவின் கதை நேர்மாறு. தெற்கு மெக்சிகோ, யுகட்டான் தீபகற்பம், குவாத்தமாலா, பெலீஸ் காடுகள்தான் அதன் பிறந்த ஊர். உறைபனி தெரியாத மரம். நன்றாக வளர்ந்த மரம் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரியைச் சில மணி நேரம் தாங்கிவிடும், இளங்கன்று அதுகூடத் தாங்காது. ஹில்ஸ்பரோவில் குளிர்கால இரவுகள் பல தடவை பூஜ்யத்தைத் தொடும், சில வருடம் நன்றாகவே கீழே இறங்கும். அக்கா தரையில் வைத்தால் முதல் குளிர்காலத்தோடு முடிந்துவிடும்.

ஆக ஒரு செடிக்குக் குளிர் இல்லாமல் முடியாது, இன்னொன்றுக்குக் குளிர் ஆகாது. இரண்டும் சமமாகச் செழிக்கிற கொல்லை எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை.

அக்கா தோட்டத்துக்கு ஹேசல்நட்

உலகத்தில் விளையும் ஹேசல்நட்டில் பாதிக்கு மேல் துருக்கியின் கருங்கடல் கரையிலிருந்து வருகிறது. ஓர்டு, கிரேசுன் மாகாணங்கள் அதற்குப் பேர்போனவை. அடுத்து இத்தாலி, அதிலும் பீத்மாந்த் பகுதிக் கொட்டைக்குத் தனி மதிப்பு. அமெரிக்காவில் என்றால் கிட்டத்தட்ட மொத்த விளைச்சலும் ஓரிகனின் வில்லமட் பள்ளத்தாக்குதான். அக்கா வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் காரில் போனால் வரிசை வரிசையாகத் தோப்புகள். துருக்கிக் கரைக்கும் ஓரிகனுக்கும் ஓர் ஒற்றுமை, கடல் பக்கத்தில் இருப்பதால் குளிர் உண்டு, ஆனால் கொடுங்குளிர் இல்லை. ஹேசல்நட் பூப்பதே நடுக்குளிரில் என்பதால் அதற்கு இந்த மிதம் தேவைப்படுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜனவரிக் கடைசியில் அங்கே போயிருந்தபோது அந்தப் பூவைப் பார்த்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஓர் இலைகூட இல்லாத மொட்டைக் கிளைகளில் இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு மஞ்சளாக ஆண்பூச் சரங்கள் தொங்கின. விரலால் சுண்டினால் மாவு மாதிரி மகரந்தம் பறந்தது. பெண்பூவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கிளையோடு ஒட்டிய சின்ன மொட்டு, அதன் நுனியில் குங்குமச் சிவப்பில் நாலைந்து இழை. மொத்தமே ஓர் அரிசி அளவு இருக்காது. பூச்சி, வண்டு எதுவும் இல்லை, எல்லாம் காற்று செய்கிற வேலை. மகரந்தம் விழுந்ததும் அதன் குழாய் கொஞ்ச தூரம் உள்ளே போய் நின்றுவிடுமாம். நாலைந்து மாதம் கழித்து, வெயில் காலம் தொடங்கும்போதுதான் கரு பிடிக்கும். ஜனவரியில் வந்த விருந்தாளிக்கு ஜூனில் கதவு திறக்கும் செடி.

வீட்டுத் தோட்டக்காரர்கள் இடறி விழுவது இதற்கு அடுத்த விஷயத்தில். ஹேசல்நட் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. ஒரே ரகத்தில் பத்துச் செடி வைத்தாலும் காய் இல்லை. ஒன்றுக்கொன்று பொருந்துகிற வேறு வேறு ரகம் இரண்டாவது வேண்டும், ஒரே சமயத்தில் பூக்கவும் வேண்டும். ஆகவே அக்கா "ஒரு மரத்துக்கு இடம்" என்று நினைக்கக் கூடாது, இரண்டு புதருக்கு இடம் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து அடி அகலத்துக்கு விரியும்.

ரகம் விஷயத்தில் ஓரிகன்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். கிழக்கு அமெரிக்காவின் காட்டு ஹேசல் செடிகளில் பெரிய சேதம் செய்யாமல் இருந்துவந்த ஒரு பூஞ்சை மேற்குக் கரைக்கு வந்து, ஐரோப்பிய ரகங்களைக் கிளை கிளையாகக் காய வைத்தது. பழைய தோப்புகள் பல அதில் போயின. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் அந்த நோயை எதிர்க்கும் ரகங்களைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. ஜெபர்சன், யாம்ஹில் ஆகியவை அப்படி வந்தவை. ஜெபர்சன் வைத்தால் துணைக்கு ஈட்டா அல்லது தீட்டா என்ற ரகம் வைப்பது வழக்கம். அக்காவிடம் நான் சொன்னது, நர்சரியில் பெயர்ச்சீட்டு இல்லாத ஹேசல் கன்றை யார் சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பராமரிப்பில் பெரிய வேலை பக்கக் கன்று வெட்டுவது. வாழைக்கு வெட்டுகிற மாதிரியே, அடியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். வெட்டாமல் விட்டால் அடர்ந்த புதர், வெட்டினால் சின்ன மரம். மூன்று முதல் ஐந்து வருடத்தில் காய் பார்க்கலாம். பழுத்த கொட்டை செப்டம்பர் கடைசி, அக்டோபரில் தானாகக் கீழே விழும். பொறுக்கிக் காயவைக்க வேண்டியதுதான். அணிலும் ஜே பறவையும் முந்திக்கொள்ளும் என்பதால் தினமும் போய்ப் பொறுக்க வேண்டும். நம் நிலக்கடலை போலவே இதிலும் பொக்கு உண்டு, ஓடு முழுசாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

வீட்டில் யாருக்காவது கொட்டை வகை ஒவ்வாமை இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் பறக்கும் அதன் மகரந்தமும் சிலருக்குத் தும்மலையும் கண்ணரிச்சலையும் கொண்டுவரும்.

எங்கள் கொல்லைக்குச் சப்போட்டா

சப்போட்டாவுக்குச் சீமையிலுப்பை என்று ஒரு பழைய பெயர் உண்டு. இலங்கையிலும் அப்படிச் சொல்வார்கள். சீமையிலிருந்து வந்த இலுப்பை. அந்தப் பெயரை வைத்தவர்கள் மரத்தை உற்றுப் பார்த்திருக்கிறார்கள், ஏனென்றால் இலுப்பையும் சப்போட்டாவும் தாவரவியல் கணக்கிலும் ஒரே குடும்பம். அதே குடும்பத்தில் நம் காட்டு மரம் இன்னொன்று இருக்கிறது, பாலை. இலங்கையின் வன்னிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பாலைப்பழம் என்றாலே நாக்கு ஊறும். சப்போட்டாவை ஒட்டுக் கட்டுவது இந்தப் பாலைக் கன்றின் மேல்தான். மெக்சிகோ மரம் நம் வறட்சியைத் தாங்கி நிற்பதில் அடியில் இருக்கும் பாலை வேருக்கும் பங்கு உண்டு.

இந்த ஒட்டு விஷயத்தில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். அப்பா இருக்கும்போது ஒரு நர்சரியில் சப்போட்டா ஒட்டுக்கன்று வாங்கி வைத்தோம். அந்தக் கோடையில் ஒட்டுக்கு மேல் பகுதி காய்ந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. கீழேயிருந்து ஒரு துளிர் வந்தது, செடி பிழைத்துவிட்டது என்று அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தார். மெல்லத்தான் வளர்ந்தது. சப்போட்டாவும் மெல்ல வளர்கிற மரம் என்பதால் சந்தேகம் வரவில்லை. நாலு வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகு, வீட்டுக்கு வந்த தோட்டக்காரப் பெரியவர் ஓர் இலையைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். "நுனியைப் பாரு தம்பி." இலை நுனி கூராக இல்லை, நடுவில் லேசாக வெட்டுப்பட்ட மாதிரி உள்வாங்கியிருந்தது. அது பாலை இலை. சப்போட்டா இலை நுனியை நோக்கிக் குவிந்து வரும். அன்றிலிருந்து எந்த நர்சரிக்குப் போனாலும் முதலில் இலை நுனியைத்தான் பார்க்கிறேன். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை வாரம் ஒரு தடவை பார்த்துக் கிள்ளிவிட வேண்டும். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே அரை அடியாவது இருக்கட்டும், பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள்.

வீட்டுக்கு எந்த ரகம் என்றால் பிகேஎம் 1 என்பேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் குத்தி என்ற ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது, குட்டையாக வளரும், கொத்துக் கொத்தாகக் காய்க்கும். சாதாரண ரகங்களுக்கு 25 அடி விட வேண்டிய இடத்தில் இதற்குப் பாதி போதும். கிரிக்கெட் பால் ரகத்தின் அளவைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. பழம் பெரிசுதான், ஆனால் காய்ப்பும் இனிப்பும் கொஞ்சம் குறைவு. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் காளிபட்டி ரகம்தான் எங்கும். நம் பக்கம் கோ 1 நல்ல ருசி, இடம் தாராளமாக இருந்தால் வைக்கலாம்.

ஒட்டு மரம் மூன்றாம் வருடத்திலிருந்து காய்க்கத் தொடங்கும். கொட்டை போட்டு முளைத்தது என்றால் ஆறு எட்டு வருடம் காத்திருக்க வேண்டும், தாய் மரத்தின் குணம் வரும் என்ற உறுதியும் கிடையாது. பெரும்பாலும் ஒற்றை மரமே நன்றாகக் காய்க்கும், நம் ஊரில் வீட்டுக்கு ஒன்றாக நிற்கிற மரங்களே சாட்சி. மாசியிலிருந்து ஆனி வரை ஒரு பருவம், புரட்டாசியை ஒட்டி இன்னொரு பருவம். உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும், காற்றுக்கும் எளிதில் முறியாது. தண்ணீர் தேங்குவது மட்டும் ஆகாது.

எதிரிகள் என்று பார்த்தால் மொட்டைத் துளைக்கிற புழு, இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் புழு. அப்புறம் வௌவால். கொத்துகளுக்கு வலைப்பை கட்டிவிட்டால் பாதிக்கு மேல் தப்பிக்கும்.

பறிக்கும் பக்குவம்தான் சப்போட்டாவில் எல்லாம். மரத்திலேயே பழுக்கட்டும் என்று விட்டால் வௌவாலுக்குத்தான். அவசரப்பட்டுப் பறித்தால் வாயில் பசை ஒட்டும், தொண்டை கரகரக்கும். ஆச்சி செய்தது இப்படி. காயைக் கிளையில் இருக்கும்போதே கையில் ஏந்திப் பெருவிரலால் தேய்ப்பார். மேலே இருக்கும் பழுப்புத் தூள் உதிர்ந்து தோல் வழவழவென்று தெரிய வேண்டும். பிறகு நகத்தால் லேசாக ஒரு கீறல். பச்சை தெரிந்தால் விட்டுவிடுவார், மஞ்சள் தெரிந்தால் திருகிப் பறிப்பார். காம்பில் பால் குறைவாகக் கசிந்தால் இன்னும் நிச்சயம். அந்தப் பாலைத்தான் மெக்சிகோவில் காய்ச்சி சிக்கிள் என்ற பசையாக்கினார்கள், இன்றைய சூயிங்கம் பிறந்தது அதிலிருந்து. பறித்த காயைக் கழுவி நிழலில் உலர்த்தி அரிசிப் பானைக்குள் போட்டால் நாலைந்து நாளில் பானையைத் திறக்கும்போதே வாசம் வரும். குழந்தைக்குக் கொடுக்கும்போது கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள், அதன் நுனியில் கொக்கி மாதிரி ஒரு வளைவு உண்டு, தொண்டையில் மாட்டிக்கொள்ளும்.

கொட்டை ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம்

ஹேசல்நட் வருடத்துக்கு ஒரு முறை சில கிலோ தரும். நன்றாகக் காய்ந்தால் ஓட்டோடு ஒரு வருடம்கூட வைத்துக்கொள்ளலாம். பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய்ச் சத்து, வறுத்தால் வாசனை. அக்கா வீட்டில் இரண்டு பேர்தான், வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு இது தோதானது. சப்போட்டா அப்படி இல்லை. பத்து வயது மரம் வருடத்துக்குச் சில நூறு பழம் கொட்டும், பழுத்த பழம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்காது. பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் கொடுத்தனுப்ப ஆள் இருக்கிற தெருவில்தான் அந்த மரம் சந்தோஷமாக இருக்கும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் வீட்டில் இதையும் யோசிக்க வேண்டும், நல்ல இனிப்புப் பழம்.

நிழல் வேண்டும் என்றால் சந்தேகமில்லாமல் சப்போட்டா. வருடம் முழுக்க இலை நிற்கும், நூறு வருடம்கூட வாழக்கூடிய மரம். அக்கா ஊரில் குளிர்காலத்தில் வெயிலே அபூர்வம், அங்கே இலை உதிர்த்து வெளிச்சத்தை உள்ளே விடுகிற செடிதான் நல்லது.

வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். லண்டனைச் சுற்றி இருப்பவர்கள் கென்டிஷ் காப் ரகத்தை வைக்கலாம், கென்ட் மாவட்டத்தில் காலங்காலமாக விளைவது. சாம்பல் அணிலிடமிருந்து காப்பாற்றத்தான் பாடுபட வேண்டும். டொராண்டோ பக்கம் இருப்பவர்கள் அந்தப் பூஞ்சை இருக்கும் பகுதி என்பதை நினைவில் வைத்து, எதிர்ப்பு உள்ள ரகம் கேட்டு வாங்க வேண்டும். மயாமி பக்கம், சிங்கப்பூர், மலேசியா என்றால் தயங்காமல் சப்போட்டா.

குளிர் நாட்டில் தொட்டியில் சப்போட்டா வளர்க்க முடியாதா என்று அக்கா விடாமல் கேட்டார். வளர்க்கலாம். பெரிய தொட்டி, சக்கரம் வைத்த தட்டு, ஐந்தாறு மாதம் வீட்டுக்குள் ஜன்னலோரம். செடி உயிரோடு இருக்கும், பல வருடம் கழித்து விரல் விட்டு எண்ணுகிற அளவு பழம் வரலாம். பழத்துக்காக என்றால் வேண்டாம் என்றேன். ஆச்சி நினைவுக்காக ஒரு செடி கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றால் வையுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ஹேசல்நட் இரண்டும் வேலியோரம், சப்போட்டா ஒன்று தொட்டியில் என்று முடிவு செய்துவிட்டார்.

மகளுக்குத்தான் முகம் வாடியது. கொட்டைதான் வேண்டுமென்றால் முந்திரி நம் செம்மண்ணில் வரும், ஆனால் அது படர்ந்து நிற்க இந்தக் கொல்லை போதாது என்று விளக்கினேன். குளிர் மணிக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகு அவளே அந்த விளம்பரத்தை மூடிவிட்டாள்.

இப்போது முருங்கை இருந்த இடத்தில் மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி வெயிலில் ஆறப்போட்டிருக்கிறோம். மேல்மண்ணோடு தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். ஆடி பிறந்ததும் பெரியகுளம் போய்க் கன்று எடுப்பதாகத் திட்டம். ஒட்டுக்கு மேலே இருக்கும் இலையின் நுனியைப் பார்த்துக் கன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவளிடமே கொடுத்திருக்கிறேன். பழகிக்கொள்வதற்காகப் பக்கத்துத் தெரு சப்போட்டாவிலிருந்து ஓர் இலையும், ஊருணிக் கரைப் பாலையிலிருந்து ஓர் இலையும் பறித்து வந்து நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.